படகோட்டியை நம்பாத அத்தை

எங்கள் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் போன மாதம் ஒரே அமர்க்களம். சின்ன வயதில் நாங்கள் பார்த்த ஜப்பான் தொடரை யாரோ தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அதே தமிழ்க் குரல், அதே மங்கிய படம். "சொர்க்கம்டி", "அந்தக் காலம் இனிமே வருமாடா" என்று ஆளாளுக்கு அழுகிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். எல்லோரும் தலைக்குச் சாயம் பூசுகிற வயதுக்கு வந்தாயிற்று. ஒரு தவளை பேசியதை நினைத்துக் கண்ணீர் விடுகிறார்கள்.

பழசை நினைத்து உருகுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பழசு நன்றாக இருந்ததா, இல்லை அப்போது நமக்கு வேறு வேலை இல்லாமல் இருந்ததா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது? தருமபுரியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. முதல் பகுதியை ஓடவிட்டேன். உப்பு மூட்டையோடு அந்தப் பெண் பனியில் நடந்து வந்தாள். அவளுடைய தம்பியின் நிழலை யாரோ திருடிவிட்டார்கள். அதைத் தேடித் தீவு தீவாகப் போகிறாள். நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் கதையை விட்டுவிட்டு வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். யார் வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண் தானாகப் போய் அங்கே நின்றது.

இந்த வியாதியை எனக்கு ஒட்ட வைத்தவர் எதிர் வீட்டு அத்தை.

ரத்த உறவு கிடையாது. பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே மாதா கோயில் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை வேண்டும். அவர் எங்களுக்கு அத்தை. அவர் முதுகுக்குப் பின்னால் ஊர் வைத்திருந்த பெயர் சந்தேகப் பிராணி. அது அவருக்கும் தெரியும். "வெளுத்ததெல்லாம் பாலுன்னு குடிச்சவங்கதான் ஊர்ல நோய்ல கெடக்கறாங்க. நான் நல்லாத்தான இருக்கறேன்" என்பார்.

முட்டை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அத்தை கோழியையும் பார்க்க வேண்டும் என்பார். பஸ் ஏறுவதற்கு முன் பலகையைப் படிப்பார். பிறகு டிரைவரிடம் கேட்பார். பிறகு கண்டக்டரிடம். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆளிடம். ஒரு முறை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேரும் "ஆமாங்க, பாப்பிரெட்டிப்பட்டிதாங்க" என்று சொல்லியும் இறங்கிவிட்டார். கூடப் போன என் அம்மா, "ஏங்க இறங்கறீங்க?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்களே, பேசி வெச்சமாதிரி இல்ல?" என்றார். அடுத்த பஸ் வர இருட்டிவிட்டது. அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினாள்.

கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் அதே கதைதான். வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்று எப்படித் தெரியும்? அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருந்தார். வழக்கமான பாவங்களுக்கு நடுவே, "போன வாரம் ஒரு கொலை செஞ்சேனுங்க சாமி" என்று மெதுவாகச் சொருகினார். அந்தப் பக்கத்திலிருந்து, "சரிம்மா, வேற?" என்று பதில் வந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. சாமியார் நல்ல மனுஷர். அதற்குப் பிறகு அத்தை வந்து மண்டியிட்டால் மட்டும் தொண்டையைக் கனைத்துக் காட்டுவாராம்.

மாமா லாரி ஓட்டுகிறவர். தக்காளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போவார். கிளம்புவதற்கு முன் அத்தை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சுவரில் இருக்கிற காலண்டர் தாளை மாமா தலைப்பு முதல் ராகுகாலம் வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எங்கேயாவது குரல் தேய்ந்தால் சாவி கிடையாது; "தூக்கம் பாக்கி கெடக்குது, போய்ப் படுங்க" என்று பாயைக் காட்டுவார். மண்டியில் தக்காளி காத்திருக்கிறது என்று மாமா தலையால் தண்ணீர் குடித்தாலும் நடக்காது. மற்ற லாரிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். மாமா சிரித்துக்கொண்டே, "அவளுக்குச் சந்தேகம் வரலைன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்" என்பார்.

எல்லாமே சிரிக்கிற மாதிரி இருந்ததில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா அதிரசம் சுட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அத்தை தட்டை வாங்கவில்லை. "நீங்க ஒண்ணு சாப்பிடுங்க மொதல்ல" என்றார். வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அம்மா தட்டோடு திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். தவக்காலம் வரை அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நானும்தான் அப்போது அத்தையை வெறுத்தேன். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "எண்ணெ காறலா வாசம் அடிச்சுது. உங்க வூட்டுப் புள்ளைங்களும் அதத்தான சாப்புடும்னு கேட்டேன். கேட்ட வெதம் தப்பு" என்றார். எண்ணெய் காறல்தான் என்று அம்மாவும் பிற்பாடு ஒத்துக்கொண்டாள். ஆனால் அந்த நாலு பேருக்கு முன்னால் கேட்டதை அவள் மறக்கவில்லை.

அந்த ஜப்பான் தொடர் வந்த வருடம் என் அண்ணனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அப்பா எங்கள் வீட்டுக் கேபிளைப் பிடுங்கிவிட்டார். தெருப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அத்தை வீட்டு டிவிதான் கதி. சாயங்காலம் ஆனால் அவருடைய மகள் ஜெசிந்தா கதவைத் திறந்துவிடுவாள். என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவள், என் சிநேகிதி. நாங்கள் தரையில் வரிசையாக உட்காருவோம்.

முதல் நாள் அத்தை முறத்தோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்.

"யாரு கதை இது?"

"ஜப்பான் கதைங்க அத்தை. தமிழ்ல போடறாங்க."

"சப்பான்காரனுக்கு நம்ம புள்ளைங்க மேல என்னா அக்கறை? சும்மா எதுக்குக் கதை காட்டறான்?"

கோயில், மணி, மொட்டைத் தலைச் சாமியார் எல்லாம் படத்தில் வந்ததும் அவருக்கு உறுதியாகிவிட்டது. நம்மையெல்லாம் புத்த மதத்துக்கு மாற்றப் போகிறார்கள். மறுநாள் டிவியின் தலைமேல் மாதா சுரூபம் ஒன்று ஏறி உட்கார்ந்தது. அதோடு விடாமல் தினமும் அத்தையே வந்து உட்கார்ந்தார், கையும் களவுமாகப் பிடிப்பதற்கு. எங்களில் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்து ஒரு பகுதி தவறிப்போனால் அத்தையிடம்தான் கதை கேட்போம். அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இவ்வளவு கவனமாக அந்தத் தொடரைப் பார்த்தவர் தமிழ்நாட்டிலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கதையில் அந்த உப்புக்காரப் பெண்ணுக்குத் தமிழில் செல்வி என்று பெயர் வைத்திருந்தார்கள். பனி மலையில் செல்வி. அவளோடு ஒரு தவளை வரும். இரும்புக் கெண்டிக்குள் குடியிருக்கிற தவளை. அது சுத்தமான மெட்ராஸ் பாஷை பேசும். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு அவர்களை ஏற்றிப்போக ஒரு படகோட்டி வருவார். பழுத்த முகம், கனிந்த குரல். "கலங்காதே மகளே, கரை தெரிகிறது" என்பார். எங்களுக்கெல்லாம் அவர்மேல் உயிர். எனக்கு அப்படி ஒரு தாத்தா இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன்.

அக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதம். எங்கள் தெருவில் அந்த மாதம் வீட்டுக்கு வீடு ஜெபமாலை நடக்கும். அத்தை வீட்டில் ஜெபம் சரியாகத் தொடர் வருகிற நேரத்தில்தான். டிவியை நிறுத்தினால் பிள்ளைகள் ஜெபத்துக்கு வர மாட்டார்கள், ஓடவிட்டால் மாதா கோபித்துக்கொள்வார். அத்தை ஒரு சமரசம் செய்தார். படம் ஓடும், சத்தம் கிடையாது. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று அத்தை தொடங்குவார். நாங்கள் பின்பாட்டுப் பாடுவோம். எல்லோருடைய கண்ணும் மணியில் இருக்காது, திரையில் இருக்கும். அத்தையின் கண்ணும்தான்.

சத்தமில்லாமல் மாதம் முழுக்கப் பார்த்ததில்தான் அத்தை அதைக் கண்டுபிடித்தார். நவம்பரில் சத்தம் திரும்பி வந்த முதல் நாள் படகோட்டியைக் காட்டி, "இவன நம்பாதீங்கடி" என்றார்.

"ஏன்ங்க அத்தை?"

"வாயப் பாரு. கொஞ்சூண்டு அசையுது. மூடிடறான். பேச்சு மட்டும் பின்னால ஓடிட்டே இருக்குது பாரு. அந்தப் புள்ள செல்விக்கு அப்படி இல்ல. வாய் நின்னா பேச்சும் நிக்குது. இவன் என்னமோ சொல்றான், நமக்கு வேற என்னமோ சொல்றாங்க."

ஜப்பான் பேச்சு சின்னது, தமிழில் சொன்னால் நீளம், அவ்வளவுதான் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்போது ஜெசிந்தா மட்டும் சொன்னாள். அத்தை காதில் வாங்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, படகோட்டி தன் படகின் அடிப்பலகையைப் பெயர்த்தார். உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்திருந்ததெல்லாம் நிழல்கள். செல்வியின் தம்பி நிழலும் அதில் இருந்தது. திருடன் அவரேதான். ஒரு பொடியன் அழுதே விட்டான். திரும்பிப் பார்த்தால் அத்தை முறத்தில் புளியங்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சிரிப்புக்கூட இல்லை.

அன்றிலிருந்து அவருடைய புகழ் பரவியது. செய்தி வாசிக்கிறவர், தலைமுடி எண்ணெய் விளம்பரத்தில் வருகிறவர், வேறு மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சினிமாக்காரர்கள், எல்லோரையும் அத்தையிடம் காட்டித் தீர்ப்புக் கேட்போம். தொடர் கடைசித் தீவுக்குப் போகும் முன்பே ஒரு திங்கட்கிழமை நின்றுபோய், அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி வந்தது. "முடிவ மறைக்கறானுங்க" என்று அத்தை ஒரே வரியில் முடித்தார். ஆனால் வாய் பார்க்கிற பழக்கம் அவரை விடவில்லை. டிவியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. யாராவது பேச வந்தால் கண்ணைப் பார்க்க மாட்டார், உதட்டைப் பார்ப்பார். பேசுகிறவருக்கு முகத்தில் சோறு ஒட்டியிருக்கிறதோ என்று கூச்சமாக இருக்கும். "ஊர்ல பாதிப் பேரு டப்பிங்தான் பாப்பா. வாயி அவனுது, சத்தம் வேற எவனுதோ" என்று என்னிடம் சொல்வார்.

நாங்கள் வளர்ந்தோம். வளர வளர அந்தச் சந்தேகத்தின் எடை முழுக்க ஜெசிந்தாவின் தலையில் இறங்கியது. நர்ஸிங் முடித்துப் பெங்களூரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். வரன்கள் வந்தன. ஒருவர் மிகவும் பளபளப்பான ஷூ போட்டிருந்தார் என்று வேண்டாம். இன்னொரு வீட்டில் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்றார்கள், அதனால் வேண்டாம். அதற்கடுத்தவர் பெண் வருவதற்கு முன்பே பஜ்ஜித் தட்டைக் காலி செய்துவிட்டார். ஜெசிந்தா முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். அவளுக்குக் கீழே இருந்த பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகி இடுப்பில் பிள்ளை இருந்தது.

அப்போதுதான் ஏரியூர்ப் பக்கத்து வரன் வந்தது. பெயர் அருள். குவைத்தில் ஏசி மெக்கானிக். அவருடைய அண்ணனும் அதே கம்பெனியில், அதே அறையில். பேச்சு வார்த்தையெல்லாம் அண்ணன்தான் போனில் பேசினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் மாதிரி ஆள், எந்தக் கேள்விக்கும் சளைக்கவில்லை. அருள் ஜெசிந்தாவுக்கு மெசேஜ் மட்டும் அனுப்புவார். அறையில் ஆட்கள் இருக்கிறார்கள், பேச முடியவில்லை என்று சொல்வார். ஆனால் பக்கம் பக்கமாக எழுதுவார். பாலைவனத்தில் மொட்டை மாடி ஏசிமேல் வந்து உட்காருகிற புறாவைப் பற்றி அவர் எழுதியிருந்ததை ஜெசிந்தா எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். படிக்கும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எங்கம்மா இவரயும் தட்டி வுட்டுச்சுன்னா, நான் வேற யாரயும் கட்டிக்க மாட்டேன்டி. சத்தியமா சொல்றேன்" என்றாள்.

வீடியோ காலில் பார்த்துப் பேசுவது என்று முடிவானது. மலையடிவாரத்தில் அப்போது சிக்னல் என்பது அத்தை வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மாடியேறினோம். அத்தை, மாமா, என் அம்மா. என் போன்தான் பெரியது என்பதால் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெசிந்தா தொட்டியின் நிழலில் பட்டும் படாமல் நின்றாள்.

திரையில் அருள் வந்தார். நல்ல முகம், கொஞ்சம் பயந்த முகம். "வணக்கம்ங்க அத்தை, நல்லா இருக்கறீங்களா? மாமா சொகமா? அங்க மழையெல்லாம் எப்படிங்க?" குரல் கணீரென்று வந்தது. அம்மாவும் மாமாவும் பார்வையிலேயே சரி சொல்லிவிட்டார்கள். அத்தை திரையையே பார்த்தார். பிறகு என்னிடம், "சத்தத்தக் கொற" என்றார். முழுக்கக் குறைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். "இப்ப வெய்யி" என்றார். சத்தத்தைக் கூட்டினேன்.

"தம்பி, தொண்ட வறண்டு போயிருக்கும். ஒரு வாய் தண்ணி குடிங்க."

அருள் சிரித்துக்கொண்டு பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்தார். அவர் தொண்டையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அத்தை படக்கென்று கேட்டார்: "உங்க ஊர்த் திருவிழா எந்த மாசங்க?"

"மே மாசம்ங்க அத்தை, ரொம்ப விசேசமா இருக்கும்" என்றது குரல். அருள் இன்னும் குடித்துக்கொண்டிருந்தார்.

நான்தான் அவசரமாக, "நெட் ஸ்லோங்க அத்தை, டிலே ஆகுது" என்றேன்.

"ஸ்லோன்னா பின்னால வரணும் பாப்பா. இது முன்னாலயே வருதே."

போனை என் கையிலிருந்து வாங்கிக் கட் செய்துவிட்டு, "டப்பிங்" என்று ஒரே வார்த்தை சொல்லிப் படியிறங்கிவிட்டார். ஜெசிந்தா தொட்டிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அருளிடமிருந்து நீளமாக மெசேஜ் வந்தது. சின்ன வயதிலிருந்து திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்றுவிடும். இதற்கு முன் பார்த்த இரண்டு இடம் அவர் வாயைத் திறந்ததோடு முடிந்துபோயிற்று. அதனால் அண்ணன் கேமராவுக்கு வெளியே உட்கார்ந்து பேசுவது, இவர் வாயை அசைப்பது என்று ஏற்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அண்ணனின் கணக்கு. ஜெசிந்தா படித்துவிட்டுப் போனைத் தலையணைக்கடியில் தள்ளினாள். "திக்குவாயின்னு சொல்லியிருந்தா எனக்கென்னடி? நான் ஆஸ்பத்திரில பாக்காத கொறையா? எங்கிட்டக்கூட மறைச்சாரே" என்று அழுதாள். தன் அம்மாவின் மேல் கோபப்படவும் முடியவில்லை, அருள்மேல் கோபப்படாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அத்தைக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். ஐயோ பாவம் என்பார் என்று நினைத்தேன்.

"திக்குனது பொய்யில்ல. திக்கலைன்னு காட்டுனது பொய்" என்றார். கொஞ்ச நேரம் மகளின் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணங்காரன் இல்லாம அவன வரச் சொல்லு. தனியா."

அருள் லீவு போட்டு வந்தார். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அத்தை முன்கூட்டியே மாமாவை அனுப்பியிருந்தார்: பஸ்ஸில் அண்ணன் ஒளிந்து வந்திருக்கிறாரா, டீக்கடையில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க. வீட்டுக்குள் வந்ததும் "உக்காருங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்து இரண்டு காதையும் எட்டிப் பார்த்தார். எதுவும் மாட்டியிருக்கவில்லை. எனக்கு அந்த மனுஷரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சட்டை முதுகு முழுக்க ஈரம்.

"சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க" என்றார் அத்தை.

அருள் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுக மூடிக்கொண்டது. "நா… நா…" என்று நின்றது. என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான்னு சொல்றீங்களா தம்பி?" என்றாள்.

"சும்மா இருங்க!" என்று அத்தை சீறினார். "யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. இத்தன நாளா எடுத்துக் குடுத்துத்தான் இந்தக் கதி."

அடுத்தவர் பேசும்போது குறுக்கே "அப்புறம்? அதெப்படி?" என்று கேட்காமல் அத்தை இருந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் காத்திருந்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது. கொல்லையில் கோழி கொக்கரித்து அடங்கியது. அருள் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்து வைத்தார். சொல்லி முடித்தபோது அது சின்ன வாக்கியம்தான்: "நான் பயந்துட்டேனுங்க. உங்க பொண்ணுகிட்டப் பொய் சொன்னது தப்புங்க."

அத்தையின் பார்வை அவர் உதட்டிலிருந்து விலகி, முதல் முறையாகக் கண்ணுக்கு வந்தது.

"பொய் சொல்றதுக்குக்கூட இவனுக்கு ஆள் வெக்கணும்" என்றார் மாமாவிடம். "சொந்தமா ஒரு பொய் சொல்லி முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். நாம கண்டுபுடிச்சிடலாம்."

முதலில் சிரித்தது அருள்தான். சத்தமாக, தடங்கலே இல்லாமல் சிரித்தார். பிறகுதான் நாங்கள் சிரித்தோம். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை, வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

அத்தை அவள் பக்கம் திரும்பினார். "எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணுமில்ல. ஏமாத்துனது உன்ன. நீ சொல்லு."

ஜெசிந்தா அருளைப் பார்த்துச் சொன்னாள். "மெசேஜ் அனுப்பாதீங்க. போன் பண்ணுங்க. தெனமும் பண்ணுங்க. அப்புறம் சொல்றேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அருள் எழுந்து மாமாவையும் அத்தையையும் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் மாடியில் துணி எடுக்கப் போனபோது ஜெசிந்தா எதிர் வீட்டு மாடிப்படியின் மேல்படியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. நெடுநேரம் பேசாமலே இருந்தாள், நடுவில் எடுத்துக்கொடுக்கவும் இல்லை. பிறகு மெல்ல "ம்" என்றாள். மறுபடியும் காத்திருந்தாள்.

கீழே அத்தை வாசலுக்கு வந்தார். அண்ணாந்து மகளைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கா நம்பிக்கை வரும்? அந்தப் படிக்கு நேர் கீழேதான் அவர் அறையின் ஜன்னல். அங்கே ஒட்டி நின்று ஒவ்வொரு எழுத்தையும் அளந்துகொண்டிருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி, தெருவைத் தாண்டிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முந்தானையைச் சுருட்டி இரண்டு காதிலும் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கமாகப் பொத்திக்கொண்டிருந்தார்.